நைட் ஷிஃப்ட் அப்பாவுக்கு ஒரு அஞ்சலட்டை

காலை நேரத்தில் கம்பெனி யூனிஃபார்மோடு ஒருவர் வந்து வாசலில் தயங்கி நின்றால், எங்கள் பக்கத்து ஆசிரியைகளுக்கு விஷயம் உடனே புரிந்துவிடும். லெட்டர் எழுதித் தர வேண்டும். மச்சினி கல்யாணத்துக்கு லீவு லெட்டர், ஐ.டி. கார்டைத் தொலைத்ததற்கு மன்னிப்பு லெட்டர், அசெம்பிளி லைனில் போன் பார்த்து மாட்டிக்கொண்டதற்கு 'இனிமேல் பார்க்க மாட்டேன்' லெட்டர். எல்லாம் இங்கிலீஷில் இருக்க வேண்டும். கடைசியில் 'தேங்கிங் யூ' கட்டாயம் வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுக்கும் நான், இந்த வகையில் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரை எத்தனையோ சூப்பர்வைசர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

அன்று வந்தவர் ஏழுமலை. என் வகுப்பில் படிக்கும் பூமிகாவின் அப்பா. அரையாண்டுத் தேர்வு விடுமுறை நடந்துகொண்டிருந்தது. மார்கழிப் பனியில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்த என் ஸ்கூட்டியை நான் உதைத்துக்கொண்டிருந்தேன். (இந்த ஸ்கூட்டியைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, பாவம், அதை விற்றுவிடுங்களேன் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாங்க ஆள் இருந்தால் சொல்லுங்கள்.) நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. கழுத்தில் ஐ.டி. கார்டு, கையில் டிபன் பை.

ஒரு லெட்டர் எழுதித் தர வேண்டும் என்றார். எத்தனை நாள் லீவு என்று ஸ்கூட்டியிலிருந்து நிமிராமலே கேட்டேன்.

"லீவு லெட்டர் இல்ல மிஸ். பாப்பாவுக்கு எழுதணும்."

சட்டைப் பையிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த ஓர் அஞ்சலட்டையை எடுத்தார். பள்ளியில் நான் கொடுத்த அட்டை. நான் போட்டுக் கொடுத்த பென்சில் கோடு அப்படியே இருந்தது. எழுதி முடித்ததும் கோட்டை அழிக்கச் சொன்னேனே, அழிக்கவில்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வாத்தியார் புத்தி வேறு எப்படி இருக்கும்?

அம்மாக்களின் கையெழுத்து

இந்த அஞ்சலட்டை வேலையை நான் ஆரம்பித்ததற்குக் காரணம் பிள்ளைகள் அல்ல, அவர்களுடைய அம்மாக்கள்.

முன்பெல்லாம் ஒவ்வொரு விடுமுறைக்கும் நானும் எல்லோரையும் போலத்தான், ரெட்டைக்கோடு நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் விடுமுறை முழுக்க ஆடிவிட்டு, கடைசி நாள் ராத்திரி அழ ஆரம்பிப்பார்கள். பாவம் பார்த்து அம்மாக்கள் உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். பள்ளி திறந்த அன்று என் மேஜை மேல் அழகான கையெழுத்து குவிந்து கிடக்கும். மூன்றாம் வகுப்பு முழுவதும் லீவில் எப்படியோ தேறிவிட்டது என்று யாராவது புதிதாக வந்தவர்கள் நம்பலாம். எனக்கு ஒவ்வொரு அம்மாவின் கையெழுத்தும் அத்துப்படி. ஒருமுறை ஒரு நோட்டில் 'நன்று, ஆனால் உங்கள் மகனும் எழுதலாம்' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன். அந்த அம்மா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

நோட்டுக்காக யாரும் நன்றாக எழுத மாட்டார்கள். ஆளுக்காக எழுதுவார்கள். இது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதனால் பக்கக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பிள்ளைக்கு ஓர் அஞ்சலட்டை என்று வைத்தேன். இந்த லீவில் நீ பார்க்க முடியாத ஒருவருக்கு எழுத வேண்டும். முதலில் நோட்டில் எழுதிப் பார்த்து, பிறகு அட்டையில் எழுதி, பெறுநர் முகவரியையும் நீயே எழுதி, தபால் பெட்டியில் போட வேண்டும். பதில் வந்தால் பள்ளி திறக்கும் அன்று எடுத்து வந்து வகுப்பில் படிக்க வேண்டும். படித்த பிறகு அதைச் சுவரில் ஒட்டுவோம். இவ்வளவுதான் சட்டம்.

அட்டையில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. நோட்டில் தப்பு வந்தால் அடுத்த பக்கம் இருக்கிறது, அட்டைக்கு அடுத்த பக்கம் கிடையாது. 'அன்புள்ள' என்பதை முறுக்கு சைஸில் ஆரம்பிக்கும் பிள்ளை, பாதிக்கு வந்ததும் இடம் போதாது என்று கண்டு மிரண்டு எழுத்தைச் சுருக்கும். 'இப்படிக்கு' வரும்போது அது ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஏறி நிற்கும். எவ்வளவு சொல்ல வேண்டும், எவ்வளவு இடம் இருக்கிறது என்று எழுதுவதற்கு முன்பே யோசிக்கப் பிள்ளைகள் இதில்தான் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர்களில் பலருக்கு இன்னும் அது வரவில்லை, இந்தத் தொடரை எழுதும் எனக்கும் சேர்த்துத்தான்.

அக்காவின் கடிதங்கள்

அழகான கையெழுத்து என்றாலே எனக்கு மறைமலை நகரில் இருக்கும் என் அக்கா ஞாபகம்தான் வரும்.

நான் ஆசிரியர் பயிற்சிக்காக விடுதியில் இருந்தபோது அக்கா மாதம் தவறாமல் கடிதம் போடுவாள். அச்சடித்தது போன்ற எழுத்து. விடுதிப் பெண்கள் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். உள்ளே விஷயம் என்று பார்த்தால், 'நேற்று மழை பெய்தது. இன்று கேஸ் சிலிண்டர் வந்தது. மாமா நலம்.' இவ்வளவுதான் இருக்கும். நான் இங்கே வீட்டு நினைப்பில் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பேன், அவள் அங்கே கேஸ் வந்த செய்தியை முத்து முத்தாக எழுதியிருப்பாள். எழுத்து அவ்வளவு அழகாக இருந்ததால், அதில் ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல மாதம் ஆனது.

எனக்கோ அப்போது கையெழுத்து இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே போகும். கரும்பலகையில் எழுதும் தேர்வில் எங்கள் பயிற்றுநர் அம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கிருந்து படிக்க முடியவில்லை என்றால் முழுதையும் அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். வலது கை முழுக்கச் சுண்ணாம்பும், முகமெல்லாம் கண்ணீருமாக நின்றிருக்கிறேன். இன்று என் எழுத்து நேராகப் போகிறதென்றால் அந்த அம்மாவுக்குத்தான் நன்றி. அக்காவிடம் இதையெல்லாம் சொன்னால், உனக்குப் பொறாமை என்பாள். பொறாமைதான், வேறென்ன?

வூட்லதான் கீறாரு

விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை யார் யாருக்கு எழுதப் போகிறார்கள் என்று வகுப்பில் கேட்டேன். திண்டிவனம் மாமா, ஆரணி பெரியம்மா, சங்கரன்கோவில் அத்தை என்று வரிசையாக வந்தது. எங்கள் வகுப்பில் பாதி, காலம் காலமாக இங்கேயே விவசாயம் பார்த்துவிட்டு இப்போது கம்பெனிக்குப் போகும் குடும்பங்கள். மீதிப் பாதி தெற்கிலிருந்து வேலைக்கு வந்து, லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். யாருக்கும் சொந்தத்துக்குப் பஞ்சமில்லை.

பூமிகா எழுந்தாள். அவள் பேசினால் பின் பெஞ்சுக்குக் கேட்காது. எங்கள் அப்பாவுக்கு எழுதுகிறேன் என்றாள்.

அப்பா வெளியூரா என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். வூட்லதான் கீறாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டத்தை எனக்கே எடுத்துச் சொன்னாள். லீவில் பார்க்க முடியாத ஆளுக்குத்தானே எழுதச் சொன்னீர்கள், லீவில் நானும் வீட்டில் இருப்பேன், அப்பாவும் இருப்பார், ஆனால் தூங்கிக்கொண்டே இருப்பார் என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வீட்டின் நேரக் கணக்கு இதுதான். ஏழுமலைக்கு நைட் ஷிஃப்ட். எல்லா நாளும் ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையும் உண்டு. சாயங்காலம் கம்பெனி பஸ் ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்குவார். பூமிகாவின் அம்மா கலாவுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் முதல் ஷிஃப்ட். விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். பள்ளி நாட்களில் அப்பா வந்து சேரும்போது மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். மகள் திரும்பும்போது அப்பாவின் பஸ் போயிருக்கும். பள்ளிக்கு லீவு விட்டால்தான் இருவரும் பகல் முழுக்க ஒரே வீட்டில் இருப்பார்கள். அப்போது ஒருவர் தூங்குவார், இன்னொருத்தி சத்தம் போடாமல் இருப்பாள். மற்ற பிள்ளைகளுக்கு லீவு என்றால் கூச்சல், இவளுக்கு லீவு என்றால் வாயைத் திறக்கக் கூடாத நாட்கள்.

சரி, அப்பாவுக்கே எழுது என்று சொல்லி அட்டையைக் கொடுத்தேன். முகவரியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. வீட்டு முகவரிதானே எழுதப் போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

லைனிலிருந்து கூப்பிட்டால்

அவள் வேறு விதமாக யோசித்திருக்கிறாள். கடிதம் ஆள் எங்கே இருக்கிறாரோ அங்கே போக வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்பா எங்கே இருப்பார்? கம்பெனியில். கம்பெனி முகவரி எங்கே இருக்கிறது? ஐ.டி. கார்டின் பின்பக்கம்.

அவர் தூங்கும்போது ஆணியிலிருந்து ஐ.டி. கார்டை எடுத்து, அதன் பின்பக்கம் இங்கிலீஷில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் பார்த்து எழுதியிருக்கிறாள். கம்பெனி பெயர், பிளாட் எண், சிப்காட், பின்கோடு எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு மேலே, 'கண்டெடுத்தவர்கள் கீழ்க்கண்ட முகவரியில் ஒப்படைக்கவும்' என்று அதில் ஒரு வரி இருக்குமே, அதையும் சேர்த்து எழுதியிருந்தாள். பெறுநர், அப்பா, ஏழுமலை, கண்டெடுத்தவர்கள் ஒப்படைக்கவும். அர்த்தம் தெரியாத எழுத்து என்பதால், படம் வரைவது போல நிதானமாக வரைந்திருந்தாள். அந்த வருஷம் அவள் எழுதியதிலேயே அதுதான் அழகான கையெழுத்து.

அந்த அட்டை கேட்டில் செக்யூரிட்டியிடம் வந்து, அங்கிருந்து எச்.ஆர். மேஜைக்குப் போயிருக்கிறது. அவர் என்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, காலையில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த லைனில் சூப்பர்வைசர் வந்து ஏழுமலையின் தோளைத் தட்டியிருக்கிறார். அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிட்டு, எச்.ஆர். கூப்பிடுகிறார்கள், போ என்றிருக்கிறார்.

ஓடுகிற லைனிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டால் அதற்கு இரண்டே காரணம்தான் உண்டு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்று வேலை போயிருக்கும், இல்லையென்றால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கும். ஏழுமலை கான்ட்ராக்ட் ஆள். ஆனாலும் அந்த நடையில் தனக்கு வேலை ஞாபகமே வரவில்லை என்றார். கலா விடியலில் ஏறிப் போன பஸ்ஸும், வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கும் பாப்பாவும்தான் கண்ணில் நின்றார்களாம்.

எச்.ஆரில் இருந்த பெண் சின்ன வயசு. அட்டையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாளாம். அஞ்சலட்டை என்பதால் அந்த அறையில் இருந்த எல்லோரும் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். திட்டுவார்கள் என்று பயந்து நின்றிருக்கிறார். ஒருவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு, உட்கார்ந்து படிங்க என்றாராம்.

அதில் இருந்தது இதுதான்:

'அன்புள்ள அப்பாவுக்கு, பூமிகா எழுதுவது. நான் நலம். அம்மா நலம். நீ நலமா? நீ தூங்கும்போது நான் சத்தம் போடுவது இல்லை. டிவி சத்தம் இல்லாமல் பார்க்கிறேன். சொம்பை மெதுவாக வைக்கிறேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் நான் இல்லை. நீ எப்போது முழித்துக்கொண்டு இருப்பாய்? பதில் போடவும். இப்படிக்கு, பூமிகா, மூன்றாம் வகுப்பு.'

நான் அதை ஸ்கூட்டி சீட்டில் சாய்ந்துகொண்டு படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது எழுத்து தெரியவில்லை.

பேனா பிடிக்காத கை

பதில் எழுதித் தர வேண்டும் என்று மறுபடி கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். என் சுபாவம் அப்படி, முதலில் மறுத்துவிட்டுத்தான் பிறகு யோசிப்பேன். உங்கள் மகள் தானே எழுதியிருக்கிறாள், நீங்களும்தான் எழுத வேண்டும், நான் எழுதினால் அது என் கடிதம் ஆகிவிடும் என்று வகுப்பில் பேசுவது போலவே அவரிடமும் பேசினேன். இவ்வளவு எதற்கு, நேரில் சொல்லிவிட்டால் போகிறதே என்றும் கேட்டேன்.

"பேசலாம் மிஸ். ஆனா பாப்பா எழுதிக் கேட்டுக்கீது. நானும் எழுதித்தான சொல்லணும்."

பிறகு தயக்கத்தோடு வலது கையை நீட்டிக் காட்டினார். பத்தாவதோடு நிறுத்தியவர். அதற்கப்புறம் பேனா பிடித்த நாட்கள் குறைவு. கம்பெனியில் வருகைக்கும் விரல்தான் வைக்கிறார்கள். அதோடு, நட்டு முடுக்குகிற 'கன்' மிஷினை ராத்திரி முழுக்கப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. காலையில் சட்டைப் பட்டனைக் கழற்றவே கொஞ்ச நேரம் ஆகிறது, பேனாவைப் பிடித்தால் அது விரலுக்குள் இருப்பதே தெரியவில்லை என்றார். ஓர் அட்டை வாங்கி எழுதிப் பார்த்தாராம். மகள் எழுத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

"பாப்பா பார்த்தா இன்னா நினைக்கும் மிஸ்? அது எவ்ளோ நல்லா எழுதுது."

மூன்றாம் வகுப்பில் எனக்கு வராத சங்கடம் இல்லை. பென்சிலை முட்டியால் பிடிக்கும் பிள்ளை, அழுத்தி எழுதித் தாளைக் கிழிக்கும் பிள்ளை, இடது கைக்காரப் பிள்ளை என்று எல்லோருக்கும் ஏதாவது வழி வைத்திருக்கிறேன். உள்ளே போய், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்காக வாங்கி வைத்திருந்த தடிமனான முக்கோணப் பென்சிலையும் ஒரு ரெட்டைக்கோடு நோட்டையும் எடுத்து வந்தேன். வட்டமான பென்சில் மரத்துப் போன விரலில் உருளும், முக்கோணம் உருளாது. தோளிலிருந்து எழுதுங்கள், விரலால் எழுதாதீர்கள், முதலில் ஒரு பக்கம் வெறும் சுழி போடுங்கள் என்றேன். வாசல் சுவரில் நோட்டை வைத்து ஒரு சுழி போட்டுப் பார்த்தார். அது கோட்டைத் தாண்டி எங்கோ போனது. இருவரும் சிரித்துவிட்டோம்.

கிளம்பும்போது, எழுதி முடிக்கும் வரை பாப்பாவிடம் சொல்ல வேண்டாம், லெட்டர் கிடைத்தது என்றே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது அது சுலபமாகத்தான் இருந்தது.

பதில் வராத பிள்ளை

பள்ளி திறந்தது. பதில் கொண்டு வந்தவர்களைக் கூப்பிட்டேன். இந்தக் காலத்துச் சொந்தங்கள் எப்படிப் பதில் போடுகின்றன என்பதைத் தனியாகவே எழுதலாம். திண்டிவனம் மாமா வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். ஆரணி பெரியம்மா வீடியோ காலில் வந்து அட்டையைக் காட்டி அழுதிருக்கிறார். ஒருவர், எழுத நேரமில்லாமலோ என்னவோ, தன் கடைத் திறப்பு விழா அழைப்பிதழையே பதிலாக அனுப்பியிருந்தார். அதையும் சுவரில் ஒட்டினோம். கையால் எழுதிய பதில் என்று பார்த்தால், கொஞ்சம் பேருக்குத்தான் வந்திருந்தது.

பூமிகாவிடம் கேட்டேன். இன்னும் வரவில்லை, வரும் மிஸ் என்றாள்.

மறுநாளும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்த நாள் நான் கேட்கவில்லை, அவளாக வந்து சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண், ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதில் போடாத அப்பாவை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டாள். பூமிகா அவளோடு சண்டை போடவில்லை. கம்பெனியில் லெட்டரெல்லாம் லேட்டாகத்தான் கொடுப்பார்கள் என்று அவளுக்கு விளக்கம் சொன்னாள். அந்த விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு, உண்மை தெரிந்த ஒரே ஆளாக நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஏழுமலை மேல் கோபமாக வந்தது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஷிஃப்டில் போன் லாக்கரில் இருக்கும், பகலில் தூக்கத்தில் சைலண்டில் இருக்கும். தெரிந்தும் கோபம் குறையவில்லை. எழுத்து நன்றாக இல்லாவிட்டால் குடியா முழுகிப்போகும்? நாலு வார்த்தை கிறுக்கிப் போட்டால் அந்தப் பிள்ளை அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளுமே.

ஒரு மதிய இடைவேளையில் நானே ஓர் அட்டையை எடுத்தேன். இடது கையால் எழுதினால் கோணல் மாணலாகத்தானே வரும், அப்பா எழுத்து என்று நம்பிவிடுவாள். 'அன்புள்ள பூமிகாவுக்கு' என்று எழுதியும் விட்டேன். எழுதியதைப் பார்த்தபோது, இடது கையால் எழுதினாலும் அந்த 'அ' என்னுடைய 'அ'வாகவே இருந்தது. அந்தச் சுழியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். மற்றவர்களை ஏமாற்றலாம், அவளை முடியாது. கிழித்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டேன்.

ஏழுமலை அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேன்டீனில் ராத்திரி டீ இடைவேளையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு சுழி போட்டிருக்கிறார். லைனில் கூட நிற்கும் திருநெல்வேலிப் பையன், எழுத்து நன்றாக வரும் எனக்கு, நான் எழுதித் தாரேன் அண்ணே என்று கேட்டிருக்கிறான். இவர் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் மேஜையில் யாரும் கேலி செய்யவில்லையாம். டீயை மட்டும் நோட்டில் சிந்தாமல் தள்ளி வைத்துக்கொள்வார்களாம்.

மாட்டு வண்டிப் படமும் ஒரு கார்டும்

பொங்கல் லீவுக்கு முந்தைய நாள். பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லியிருந்தேன். மாட்டு வண்டி வரைந்த பாதிப் பேரும் அதற்குக் கார் சக்கரம் வரைந்திருந்தார்கள். எங்கள் ஊர் தபால்காரப் பெண் டி.வி.எஸ்ஸை மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து, மூன்றாம் வகுப்பு பூமிகா யார் என்று கேட்டார்.

என்னிடம் கொடுக்க வேண்டாம், அவளிடமே கொடுங்கள் என்றேன்.

அட்டையில் முதலில் பென்சிலால் எழுதி, அதன் மேலேயே நீல மை பேனாவால் எழுதியிருந்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. சில இடங்களில் கோடு நடுங்கியிருந்தது. ஆனால் ஒரு வரிகூடச் சரியவில்லை. பென்சில் கோட்டை அழகாக அழித்தும் இருந்தார்.

படி என்றேன். வழக்கமான குரலில்தான் படித்தாள். பின் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

'அன்புள்ள பூமிகாவுக்கு, அப்பா எழுதுவது. நலம். நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. எச்.ஆர். மேடம் கொடுத்தார்கள். பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. நீ மெதுவாக இருக்க வேண்டாம். ராத்திரி பூரா எனக்கு மிஷின் சத்தம் கேட்டுப் பழக்கம். சத்தத்தில் தூங்கிவிடுவேன். வீடு அமைதியாக இருந்தால்தான் பயமாக இருக்கிறது. நீ வீட்டில் இல்லையோ என்று எழுந்து வந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கிறேன். அதனால் நீ டிவி சத்தமாக வை. பாட்டுப் பாடு. இப்படிக்கு, அப்பா.'

அப்பா பதில் போடவில்லை என்று சொன்ன பெண் எட்டி வந்து, முகவரியை ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரகடம் ரோட்டில் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் லாரியைப் பார்த்தபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படியொரு மனிதரைப் போய் மனசுக்குள் திட்டித் தீர்த்தோமே என்று இருந்தது. பூமிகா தூங்குகிறார் என்று நினைத்த நேரங்களில் எல்லாம், அவர் எழுந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லோரும் ஒட்டுவதற்காகச் சுவர் பக்கம் கையைக் காட்டினார்கள், இவள் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மணி அடிக்கும் நேரத்தில் என் மேஜைக்கு வந்து, இன்னொரு கார்டு வேண்டும் என்றாள். வீட்டுப்பாடம் முடிந்துவிட்டது, லீவு முடிந்தும் இத்தனை நாளாகிவிட்டது, இனி முழுப்பரீட்சை லீவுக்குத்தான் கார்டு தருவேன் என்று நான் சட்டம் பேசினேன்.

"எனக்குத்தான் மிஸ் லீவு முடிஞ்சிது," என்றாள். "அப்பாவுக்கு இன்னும் லீவே வுடல."

பீரோவைத் திறந்து, மிச்சமிருந்த கார்டுகளைக் கட்டோடு எடுத்துக் கொடுத்தேன்.